தேவரீர் இருக்கிறீர்

என் வீட்டுக்காரர் ஊரறிந்த எழுத்தாளர். கடவுள் இல்லை என்று எழுதியே பேர் வாங்கியவர். அதிலும், தான் பிறந்து வளர்ந்த கிறிஸ்தவத்தின் மேல் அவருக்குத் தனிக் கவனிப்பு உண்டு. மற்ற மதங்களை எப்போதாவது திட்டுவார். இதை மட்டும் சர்க்கரை மாத்திரை மாதிரி, சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று விடாமல் திட்டுவார்.

நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் விஞ்ஞானம் நடத்தி ஓய்வு பெற்றவளும் நான்தான். இதில் உள்ள வேடிக்கையை இன்றுவரை அவர் கவனித்ததில்லை. விஞ்ஞானத்தில் தட்டுத் தடுமாறிப் பாஸ் பண்ணிய ஆள் பகுத்தறிவைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டார். அதையே சோறாக்கித் தின்ற நான் ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறேன். பரிணாமத்தைப் பற்றி எழுதும்போதெல்லாம் அடுப்படிக்கு வந்து சந்தேகம் கேட்பார். “குரங்கு மனுஷனாகலைங்க, ரெண்டு பேருக்கும் பாட்டன் ஒருத்தன், அவ்ளோதான்” என்று நானும் சலிக்காமல் சொல்லி அனுப்புவேன். கட்டுரை அச்சாகி வரும்போது பார்த்தால் குரங்கு மறுபடியும் மனுஷனாகியிருக்கும்.

சும்மா சொல்லக்கூடாது, அவர் எழுதுவதில் பாதி எனக்கும் சரியென்றுதான் படும். சிலுவையில் அடித்த ஆணி சாதி பார்க்கவில்லை, கல்லறைத் தோட்டத்தில் மட்டும் நடுவே சுவர் எதற்கு என்று கேட்டார். கல்யாண விளம்பரத்தில் சாதி முதல் வரியிலும் இரட்சிப்பு இரண்டாம் வரியிலும் வருவது ஏன் என்று கேட்டார். பாவம் என்ற நோயைக் கண்டுபிடித்தவனே எதிரில் மருந்துக் கடையும் வைத்திருக்கிறான் என்றார். எல்லாம் தெரிந்தவருக்கு விடியற்காலையில் ஒலிபெருக்கி கட்டி எதை ஞாபகப்படுத்துகிறீர்கள் என்றும் ஒரு கேள்வி. “ஒலிபெருக்கி கடவுளுக்கில்லைங்க, பக்கத்து வீட்டுக்காரனுக்கு” என்றேன். அடுத்த மாதமே அது அவர் பெயரில் ஒரு பத்திரிகையில் வந்துவிட்டது.

ஆனால் ஊருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அவருடைய அப்பா ஒரு கிராமத்துச் சபையில் உபதேசியாராக இருந்தவர். பாதிரியார் வராத நாட்களில் ஜெபம் நடத்துவதும் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக் கொடுப்பதும் அவர் வேலை. பையன் ஜெபத்தில் ஒரு எழுத்துப் பிசகினாலும் ஸ்கேலால் முட்டியில் போடுவாராம். அந்த அடி வீண் போகவில்லை. என் வீட்டுக்காரர் கடவுளைத் திட்டுகிற தமிழ் முழுக்க முழுக்க அந்த ஜெபத் தமிழ்தான். “ஆகையால்”, “நிமித்தம்”, “அப்படியிருக்க” இல்லாமல் அவருக்கு ஒரு பத்தி ஓடாது. விமர்சகர்கள் அதைத் தனித்துவமான நடை என்று பாராட்டுவார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன்.

சாப்பாட்டு விஷயம் இன்னும் மோசம். இலையில் சோறு விழுந்ததும் கையைக் கொண்டு போவார். கை இலைக்கு மேலே அப்படியே நிற்கும். நான் என் இலைக்கு முன்னால் கண்ணை மூடி ஜெபித்து “ஆமென்” என்று சொன்ன பிறகுதான் அந்தக் கை இறங்கும். கேட்டால், “சோறு ஆறட்டும்னு பார்த்தேன்” என்பார். பழைய சோறு போட்டாலும் அதே பதில்தான்.

எங்கள் வீடு திருவண்ணாமலையை ஒட்டிய அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து ஒரு சந்து தள்ளி இருக்கிறது. நாத்திகம் எழுதுகிற ஆள் குடியிருக்கத் தேடிப் பிடித்த இடம்! அவரைப் பார்க்க சென்னையிலிருந்து படித்த பிள்ளைகள் கேமராவோடு வருவார்கள். நான் காபித் தட்டோடு போய் நிற்பேன். அவர் பெருந்தன்மையோடு என் பக்கம் கட்டைவிரலை நீட்டி, “இவங்க நம்பிக்கை உள்ளவங்க. நான் அதுல தலையிடறதில்ல” என்பார். “இவங்களுக்கு இதெல்லாம் ஒரு ஆறுதல்” என்பார். நான் அங்கேயேதான் நிற்பேன். அந்தப் பிள்ளைகளும் நாற்காலியைப் பார்ப்பதுபோல் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் குறிப்பெடுப்பார்கள்.

இந்த மனிதருக்கு நாங்கள் பெற்ற ஒரே பெண், தன்னோடு வேலூரில் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற பையனை விரும்பினாள். நல்ல பையன். அவன் பிறந்த இடம்தான் வினை. அவன் அப்பா கீழ்பென்னாத்தூரில் தகரக் கொட்டகை போட்டுச் சபை நடத்துகிற பாஸ்டர். என் வீட்டுக்காரர் எழுதியதையெல்லாம் அவருக்கு யாரோ படித்துக் காட்டிவிட்டார்கள். “இரட்சிக்கப்படாத வீட்டுல பொண்ணு எடுக்கிறதில்ல” என்று கறாராகச் சொல்லிவிட்டார். பையன் அழுது பிடிவாதம் பிடித்ததில் கொஞ்சம் இறங்கி வந்து, வீட்டை ஒருமுறை நேரில் பார்க்கிறேன், ஒரு ஜெபம் பண்ணுகிறேன், ஆண்டவர் என்ன பேசுகிறாரோ பார்க்கலாம் என்றார்.

என் பெண் தெளிவாக இருந்தாள். “ஓடிப்போயெல்லாம் கட்டிக்க மாட்டேன்மா. ரெண்டு அப்பாவும் வந்து நிக்கணும். இல்லன்னா வேணாம்.” பிறகு அப்பாவிடம் போனாள். “பா, ஒரு மதியம். ஒரே ஒரு மதியம் வாயைத் திறக்காம இருங்க.”

“நான் என்ன சின்னப் பிள்ளையா?” என்றார்.

நாள் குறித்தவர் பாஸ்டர். அது பௌர்ணமி! கீழ்பென்னாத்தூரில் இருந்துகொண்டு திருவண்ணாமலைப் பௌர்ணமி தெரியாமல் இருக்க முடியுமா? தெரியும். தெரிந்தும் காலண்டரைப் பார்க்க மாட்டேன் என்பதுதான் அவருடைய விசுவாசம். இங்கே இவருக்கும் தெரியும். அதே காலண்டரைப் பார்க்க மாட்டேன் என்பது இவருடைய பகுத்தறிவு. காலண்டர் பார்க்கிறவள் நான் ஒருத்தி. என்னை யாரும் கேட்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு வர வேண்டியவர்கள் பொழுது சாயத்தான் வந்து சேர்ந்தார்கள். வேனை ஊருக்கு வெளியிலேயே போலீஸ் நிறுத்திவிட்டது. அங்கிருந்து கூட்டத்தோடு கூட்டமாக, செங்கம் ரோடு வழியாக, மலையைச் சுற்றிக்கொண்டு நடந்தே வந்திருக்கிறார்கள். அடேங்கப்பா, பாஸ்டர் குடும்பம் பாதிக் கிரிவலத்துக்கு மேல் முடித்துவிட்டு எங்கள் வாசலில் நிற்கிறது! பாஸ்டர் வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட்டு. அங்கே ஆசிரமத்துக்கு வந்து வெள்ளை உடுத்தித் திரிகிற வெளிநாட்டுக்காரர்கள் அவரைத் தங்கள் ஆள் என்று நினைத்து வழி நெடுகக் கும்பிட்டார்களாம். பாஸ்டரம்மா கையில் யாரோ ஒரு புண்ணியவான் திணித்த புளியோதரைப் பொட்டலம் இருந்தது. சாமிக்குப் படைத்ததோ என்று பிரிக்கவும் மனசில்லை, சோறாயிற்றே என்று தூக்கிப் போடவும் மனசில்லை. பசியில் அந்தம்மாவுக்குக் கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. நான் அதை வாங்கி அடுப்படியில் வைத்தேன்.

என் வீட்டுக்காரர் அன்று கெட்டிக்காரத்தனமாகத்தான் இருந்தார். “வாங்க, உக்காருங்க. கூட்டம் ஜாஸ்தியா?” இவ்வளவுதான் பேச்சு. என் பெண் நிம்மதியாக மூச்சு விட்டாள். பிரியாணி எப்போதோ ஆறிப்போயிருந்தது. பரிமாறினேன். பாஸ்டர் எழுந்து நின்று ஜெபத்தை ஆரம்பித்தார். கூட வந்த ஒரு சபைக்காரர் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தார்.

அந்த ஜெபம் லேசில் முடிகிற ஜெபமாக இல்லை. போலீஸ்காரர், வேன், கால்வலி, மலையைச் சுற்றும் ஜனங்கள் என்று எல்லாரும் அதில் வந்து போனார்கள். நடுவில் பாஸ்டர், “தேவரீர் இந்த வீட்டில் இருக்கிறார்” என்றார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பக்கத்தில் ஏதோ அசைந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். என் வீட்டுக்காரரின் புருவம் துடிக்கிறது. “தேவரீர் இந்தக் குடும்பத்தில் இருக்கிறார்.” முட்டி ஆடுகிறது. ஸ்கேலால் அடி வாங்கிய அதே முட்டி. எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. தேவரீர் என்பது கடவுளை எதிரில் வைத்துக் கூப்பிடுகிற சொல். ‘நீர்’ மாதிரி. அதற்கு ‘இருக்கிறீர்’ என்றுதான் முடிக்க வேண்டும். ‘இருக்கிறார்’ என்றால் அவர் வேறெங்கோ இருக்கிற ஆள். ஐயோ சாமி, பொறுத்துக்கோங்க, பொறுத்துக்கோங்க என்று மனசுக்குள் கெஞ்சினேன். கடவுளிடம் இல்லை, இவரிடம்தான்.

பாஸ்டர் இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு உச்சக் குரலில், “தேவரீர் இருக்கிறார்! தேவரீர் இருக்கிறார்!” என்றார்.

“இருக்கிறீர்!” என்று கத்தினார் என் வீட்டுக்காரர்.

வீடியோ எடுத்தவர் போனை இவர் பக்கம் திருப்பினார். பிறகு பாஸ்டர் தடாலென்று முழங்காலில் விழுந்தார். “அல்லேலூயா! ஐயா வாயாலயே வந்துடுச்சு! ஆண்டவரைப் பார்த்து, இருக்கிறீர்னு சொல்லிட்டாரு!”

“இல்லைங்க, நான் சொன்னது விகுதி. அந்த விகுதி...”

“விடுதலை!” என்று பாஸ்டரம்மா அலறினாள். “விடுதலைனு சொல்றாரும்மா!”

என் பெண் அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குக் கட்டுப்பட்டு அவர் வாயை மூடினார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு ஆறின பிரியாணியைச் சாப்பிட்டார். இல்லை இல்லை என்று காலமெல்லாம் கத்தியவர் வாயில் ஒரு ஈகாரம் வந்து உட்கார்ந்து ஆளையே கவிழ்த்துவிட்டது. சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

வீடியோ அன்றைக்கே ஊரெல்லாம் சுற்றியது. அந்த வாரம் போன் ஓயவில்லை. கருப்புச் சட்டை நண்பர் ஒருவர், “என்னய்யா, ஞானஸ்நானம் வாங்கி முழுகிட்டியாமே? எந்தக் குளத்துல? உங்க ஊர்ல குளத்துக்கா கம்மி!” என்று கேட்டுச் சிரித்தார். ஒரு பத்திரிகை ஆசிரியர் உடனே மறுப்பு எழுதித் தரச் சொன்னார். இவரும் உட்கார்ந்து எழுதினார். நான் படித்துப் பார்த்தேன். “இலக்கணத்தின் நிமித்தம் நான் உரைத்ததை விசுவாசத்தின் நிமித்தம் உரைத்ததாக எண்ணாதிருங்கள்” என்று ஆரம்பித்திருந்தது. கிழிஞ்சுது போ! இதை அச்சடித்தால் பாதி ஊர் ஞானஸ்நானத்துக்கு வரிசையில் நிற்கும்.

அதற்குள் பாஸ்டர் போன் பண்ணினார். “ஐயா, ஞாயித்துக்கிழமை சபையில வந்து சாட்சி சொல்லணும். ஆண்டவர் உங்களைத் தொட்டதை உங்க வாயால சொன்னீங்கன்னா, அங்கேயே கல்யாணத் தேதி சொல்லிடலாம்.”

போனை வைத்துவிட்டு, எழுதிய மறுப்பை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு பெண்ணைக் கூப்பிட்டார். “என்ன பண்ணட்டும்? பொய் சாட்சி சொல்லட்டுமா?”

“வேணாம்பா,” என்றாள். உடனே சொன்னாள். “நீங்க பொய் சொல்லி எனக்கு ஒரு கல்யாணம் வேணாம். உள்ளதைச் சொல்லிடுங்க. பேப்பர்ல எழுதாதீங்க. அவங்க முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க.” சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே குழாய் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. முகம் கழுவ அவ்வளவு தண்ணீர் எதற்கு?

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒருவர் இருக்கிறார் என்கிறார், இன்னொருவர் இல்லை என்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் என் பிள்ளை நிற்பது இரண்டு பேர் கண்ணுக்கும் தெரியவில்லை. வாய்விட்டுச் சொல்லலாம் என்று கூடத்துக்குப் போனேன். அவர் என் பக்கம் கட்டைவிரலை நீட்டி, போனில் யாரிடமோ, “இவங்களுக்கு இது சந்தோஷமாத்தான் இருக்கும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூர் போனோம். தகரக் கொட்டகை வெயிலில் கொதித்தது. கொள்ளாத கூட்டம். நெல் அறுப்பை விட்டுவிட்டு வந்தவர்கள்கூட இருந்தார்கள். பையன் கடைசி வரிசையில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தான். என் பெண் என் விரல்களை நெரித்தாள். பாஸ்டர் மைக்கைக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நான் விசுவாசி இல்லை.”

“அல்லேலூயா!” என்றது சபை. எல்லாச் சாட்சியும் அங்கே அப்படித்தான் ஆரம்பிக்குமாம்.

“இல்லைங்க, தயவுசெஞ்சு கேளுங்க. கடவுள் இல்லைன்னு ஊர் ஊராப் போய்ப் பேசினவன் நான்.”

“ஸ்தோத்திரம்!” இந்தத் தடவை இன்னும் பலமாக.

அவருக்கு வேர்த்துவிட்டது. “அன்னைக்கு நான் பண்ணது ஒரு திருத்தம். அவ்ளோதான். தேவரீர்னு ஒருத்தரைக் கூப்பிட்டா, அவர் உங்க எதிர்ல இருக்கார்னு அர்த்தம். எதிர்ல இருக்கிறவரை வெச்சுக்கிட்டு ‘இருக்கிறார்’னு சொன்னா, அவர் அங்க இல்லைன்னு நீங்களே சொல்ற மாதிரி. நான் இல்லைன்னு சொல்றது இருக்கட்டும். இருக்கார்னு நம்பறவங்க நீங்க. நீங்க அவரைப் பார்த்து இல்ல பேசணும்? பக்கத்துல நிக்க வெச்சுட்டு, யாரோ மாதிரி அவரைப் பத்திப் பேசலாமா?”

அவ்வளவுதான். கொட்டகையே எழுந்து நின்றது. முன்வரிசையில் ஒரு கிழவர் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். பெண்கள் தேம்பினார்கள். பாஸ்டர் ஓடிவந்து இவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். “இத்தனை வருஷ ஊழியத்துல இதை எனக்கு ஒருத்தரும் சொல்லலையே ஐயா! நான் அவரைப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருந்திருக்கேன். அவர்கிட்ட பேசவே இல்ல!” மைக்கிலேயே கல்யாணத் தேதியைச் சொல்லிவிட்டார். பையன் பின்னாலிருந்து ஓடிவந்தான். என் பெண் சிரித்தாள், அழுதாள், மறுபடியும் சிரித்தாள். என் வீட்டுக்காரர் மட்டும், தான் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லையே, இது எப்படி இப்படிப் போனது என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

அந்த வீடியோவும் சுற்றியது. சபைக்குள்ளேயே புகுந்து மறுத்த சிங்கம் என்று அவர் நண்பர்கள் அனுப்பினார்கள். சிங்கம் மனந்திரும்பியது என்று சபைக்காரர்கள் அனுப்பினார்கள். ஒரே வீடியோ. எனக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது.

அந்த ஞாயிறு சபை முடிந்ததும் பாஸ்டர் வீட்டில் சாப்பாடு. சுடச்சுட பிரியாணி. எல்லோரும் இலை முன்னால் உட்கார்ந்தோம். பாஸ்டர் இவரிடம் கேட்டார். “ஐயா, ஒண்ணு கேக்கணும். இத்தனை வருஷம் உங்களை ஜெபத்துல தாங்கினது யாரு?”

இவருக்கு நல்ல மனசுதான் அன்று. தாராளமாகக் கட்டைவிரலை என் பக்கம் நீட்டினார். “இவங்கதான். காலையில எழுந்தா முணுமுணுன்னு இருப்பாங்க. இவங்களுக்கு அதுல ஒரு ஆறுதல்.”

எதிரில் இருக்கிறவரை யாரோ மாதிரிப் பேசலாமா என்று கேட்டு ஒரு சபையையே அழவைத்து முழுசாக ஒரு மணி நேரம் ஆகவில்லை! எனக்குக் காதெல்லாம் சூடேறியது. என் பெண் மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

“அப்போ சிஸ்டர்தான் இன்னைக்கு ஜெபம் பண்ணணும்,” என்றார் பாஸ்டர்.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். என் வீட்டுக்காரர் கண்ணை மூட மாட்டார். அவர் கை வழக்கம்போல இலைக்கு மேலே வந்து நின்றது. நான் அவசரப்படவில்லை. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

“ஆண்டவரே, தேவரீர் இருக்கிறீர். இதோ, இவர் இருக்கிறார். நானும் இருக்கிறேன். ஆமென்.”

கண்ணைத் திறந்தேன். எல்லோரும் சாப்பிட ஆரம்பித்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமென் சொன்ன பிறகும் அவர் கை இலையில் இறங்காமல் நின்றதை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன்.